லில் வெயினின் ‘ரீபர்த்’ ஆல்பத்தை முதன்முதலில் கேட்ட நாள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

என் அனுபவத்தோடு தொடங்குகிறேன். 2010இல் லூசியானாவில் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு அறையில் தங்கியிருந்தவன் நியூ ஆர்லியன்ஸ்காரன், அமெரிக்க ராப் பாடகர் லில் வெயின் வளர்ந்த ஹாலிகுரோவ் பகுதிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். 2008இல் வெயினின் ‘தா கார்ட்டர் 3’ ஆல்பம் முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியபோது, சொந்த அண்ணன் ஜெயித்த மாதிரி குதித்தவன். அடுத்தது ‘ரீபர்த்’ என்ற ராக் ஆல்பம் என்று அறிவிப்பு வந்தது. தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2009 டிசம்பரில் அமேசான் தவறுதலாகச் சுமார் 500 பேருக்கு சிடியை முன்கூட்டியே அனுப்பிவிட, பாட்டெல்லாம் இணையத்தில் கசிந்தது. இவன் தொடவில்லை. காசு கொடுத்து வாங்கித்தான் கேட்பேன் என்று பிடிவாதமாக இருந்தான்.

பிப்ரவரி 2 அன்று சிடி வந்தது. அந்த வார இறுதியில் பேட்டன் ரூஜிலிருந்து அவன் ஊருக்குக் காரில் போனோம். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான செயின்ட்ஸுக்கு சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. வழியெல்லாம் கறுப்பும் தங்கமுமாய்க் கொடிகள். இரண்டு பக்கமும் சதுப்பு நீர் நிற்கும் அந்த நீண்ட பாலத்தில் ஏறியபோதுதான் சிடியைப் போட்டான். முதல் பாட்டுக்கு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். மூன்றாவது பாட்டில் கை நின்றது. அப்புறம் அவன் கட்டைவிரல் ஒலிப் பொத்தானுக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் குறைத்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

எமினெம் வரும் ‘டிராப் தி வேர்ல்ட்’ தொடங்கியதும் சத்தத்தை ஏற்றி மூன்று முறை போட்டான். எனக்கும் அந்தப் பாட்டு இன்றுவரை உயர்ந்த பாட்டுதான். காரணம் எளிது: அதில் வெயின் ராப் செய்கிறார். மற்ற பல பாடல்களில் தன் ஆகப் பெரிய பலமான சொல்லாட்டத்தையே கீழே வைத்துவிட்டு, மென்பொருள் சுருதியைச் சரிசெய்யும் ஆட்டோ-டியூன் குரலில் இழுத்துப் பாடுகிறார். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். அப்படியும் முதல் வாரம் 1,76,000 பிரதிகள் விற்று அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தது. அடுத்த மாதமே ஆயுத வழக்கில் வெயின் ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்குப் போனார். உள்ளே இருக்கிற ஆளைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்று, அவர் நவம்பரில் வெளியே வரும்வரை என் நண்பன் அந்த ஆல்பத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த விசுவாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

*

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். அப்போது நான் கிட்டார் கற்றுக்கொண்டிருந்த பையன். ‘பிராம் குவீன்’ பாட்டைக் கேட்டுக்கேட்டு வாசித்துப் பார்த்தேன், ஏதோ இடித்தது. பள்ளியில் தன்னைத் திரும்பிப் பார்க்காத பெண்ணைப் பற்றிய பாட்டு. கதை அச்சு அசல் பாப்-பங்க் கதை, அதாவது வேகமான, துள்ளலான கிட்டார் ராக்கில் வரும் கதை. ஆனால் பாப்-பங்க்குக்கு ஓட்டம் வேண்டும். இரண்டு மூன்று தந்தியில் பிடிக்கும் எளிய ‘பவர் கார்டு’ மூன்று நான்கு போதும். வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல் லேசாக அழுத்தி ‘ஜக ஜக ஜக’ என்று அடக்கி வாசித்துக்கொண்டே வந்து, கோரஸ் தொடங்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். மதகு திறந்த மாதிரி சத்தம் பாயும். இங்கே கிட்டார் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது, கனமாக. பாய்வதற்குத் தேக்கி வைத்த தண்ணீர் இல்லை.

குரலும் அப்படித்தான். இந்த இசையில் தொண்டை கொஞ்சம் உடைய வேண்டும், அதில்தான் அந்த வயதின் வலி தெரியும். ஆட்டோ-டியூன் அந்த உடைசலை இஸ்திரி போட்டுவிடுகிறது. வெயினுடைய சொந்தக் குரல் சுபாவமாகவே கரகரப்பானது. அதை அப்படியே விட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்று எனக்கு இன்னும் ஆற்றாமை.

*

நான் உங்கள் எல்லாரையும் விடச் சின்னவள். எனக்கு வழி பின்னாலிருந்து. மெஷின் கன் கெல்லி 2020இல் ராப்பை விட்டு, பிளிங்க்-182 என்ற பாப்-பங்க் குழுவின் டிரம்மர் டிராவிஸ் பார்க்கர் தயாரிப்பில் பாப்-பங்க் ஆல்பம் போட்டாரே, அதுதான் நான் கேட்ட முதல் கிட்டார் இசை. அது பில்போர்டில் முதலிடம். 2022இல் வந்த அடுத்த ஆல்பத்தில் லில் வெயின் இரண்டு பாட்டில் வருகிறார். இவர் ஏன் இங்கே என்று தேடித்தான் ‘ரீபர்த்’ கிடைத்தது. அண்ணா, எனக்கு அது மோசமாகவே படவில்லை. நான் கேட்டு வளர்ந்த பாட்டெல்லாம் அதே கலவைதான். பத்து வருடம் முன்னால் ஒருவர் தனியாக நின்று திட்டு வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தபோது மனசு கனத்தது.

*

2019 கோடையில் பிளிங்க்-182உடன் வெயின் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். அதில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். புல்வெளிச் சீட்டு. பக்கத்தில் அப்பாவும் மகனும். அப்பா பிளிங்க் சட்டையில், மகன் வெயின் சட்டையில். வெயினின் ‘எ மில்லி’ பாட்டு வந்தபோது அப்பாவும் வரிக்கு வரி பாடினார்.

*

தொடங்கியவன்தான் மீண்டும். டொராண்டோ நண்பர் சொன்னதை வைத்து நேற்று இரவு ஹெட்போனில் முழுதாகக் கேட்டேன். கிட்டார் விஷயம் உண்மை, தந்தியைக் கையால் அடக்கி வாசிப்பது அரிதுதான். ஆனால் சின்னத் தங்கை சொன்னதும் காதில் விழுந்தது. இந்த இழையை என் பழைய அறைத்தோழனுக்கு ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த சிடி இன்னும் அவன் அம்மா வீட்டில் இருக்கிறதாம்.