பழையபேட்டை வீடு: புதுப்பிப்பு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சுதந்திரத்துக்கு முன்பு கட்டிய ஒரு வீடு, புதுப்பித்து விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மேல்பூச்சைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, கொத்தனாரைக் கூட்டிட்டுப் போங்க என்று பலர் சொன்னீர்கள். சரி, பார்த்தாயிற்று.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் பதித்த வேலை, நல்லவேளை அதில் யாரும் கை வைக்கவில்லை, கரையானும் இல்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

சிக்கல் சுவரில்தான். பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே தேக்கிவிடும். சமையலறைப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு இப்போதே உப்புப் பூத்து பெயிண்ட் உரிகிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பே பூச வேண்டும் என்கிறார் கொத்தனார்.

வில்லங்கச் சான்றில் பிரச்சினை இல்லை. பட்டா இன்னும் விற்பவர்களுடைய தாத்தா பெயரில் இருக்கிறது, மாற்றினால்தான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டேன்.

தெரு ரொம்பப் பிடித்துவிட்டது. மாடியில் ஏறினால் கோட்டை மலை முழுசாகத் தெரிகிறது. கார் நிறுத்த இடமில்லை, ஊரில் ரயில் நிலையமும் கிடையாது, ஓசூர் வேலைக்கு பஸ்தான், பரவாயில்லை.

பூச்சுச் செலவை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அப்புறம், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் தர்மபுரி பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.