புதுப்பிப்பு: சோதனையில் 10, குற்றப்பத்திரிகையில் 40

முன்பு எழுதியிருந்த குடிபோதை வழக்கின் தொடர்ச்சி இது. புதிதாகப் படிப்பவர்களுக்காக: எங்கள் கட்சிக்காரர் வண்டி ஓட்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுத்தார்கள். ஆய்வக முடிவு 100 மி.லி. ரத்தத்தில் 10 மி.கி. ஆல்கஹால்; சட்ட வரம்பு 30. மணிக்கு 15 மி.கி. இறங்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஓட்டும்போது 40 இருந்தது என்கிறது அரசுத் தரப்பு.

நேற்று நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்தோம். "இந்த 15 இவர் உடம்பில் அளந்ததா?" "இல்லைங்க, சராசரி."

எங்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான். ஆல்கஹால் இறங்கும் வேகம் பெரும்பாலோருக்கு மணிக்கு 10 முதல் 20 வரை. சிலருக்கு அதற்கும் மேல். 10 என்று வைத்தால் விடை சரியாக 30. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 கேட்பதோ 30-ஐத் தாண்டிய அளவு.

அடுத்து, கடைசியாக எப்போது குடித்தார், சாப்பிட்டிருந்தாரா என்று கேட்டோம். கேஸ் கட்டில் ஒரு வரிகூட இல்லை. குடித்த கையோடு ஓட்டியிருந்தால் ஆல்கஹால் அப்போதுதான் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். பிறகு இறங்குமுகத்தை மட்டும் வைத்து எப்படிக் கணக்குப் போட முடியும்? ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய எண்ணை இவ்வளவு அலட்சியமாக எழுதியிருப்பது எனக்கு ஆறவே இல்லை.

ரத்த மாதிரியைச் சேகரித்த சோதனைக் குழாயில், மாதிரி கெடாமல் காக்கும் சோடியம் ஃப்ளோரைடு போட்டார்களா என்பதற்கும் பதிவு இல்லை. 10 என்ற முடிவு எங்களுக்குச் சாதகம் என்பதால் அதை அழுத்தவில்லை.

அடுத்த வாய்தாவில் வாதம். பிரிவு 185 சொல்வது சோதனையில் கண்டறியப்பட்ட அளவை. காகிதத்தில் கூட்டிய அளவை அல்ல. அதையே முதலில் வைக்கிறோம்.