டெபாசிட் போனால் கேவலமா? ஆறில் ஒரு பங்கும் நோட்டாவும்

கரிசல்மண்:
"சட்டமன்றத் தேர்தலில் டெபாசிட் இழக்கும் சுயேச்சைகள் எல்லாம் விளம்பரப் பைத்தியங்கள். டெபாசிட்டை ஒரு லட்சம் ஆக்கினால்தான் இந்தத் தொல்லை ஒழியும்" என்று பொருநைவாசி நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தவன்.

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். இன்று போட்டவர் வீட்டுக்கு நாளை ஆள் போகும், "உனக்கு எதுக்கய்யா இந்த வேலை" என்று. அப்புறம் 10,000 ரூபாய் டெபாசிட். படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் எழுதித் தர வேண்டும். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு. முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் நிற்கவே முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். விளம்பரம் வேண்டும் என்பவன் இத்தனை பாடுபடுவானா? நாலு ஃபிளெக்ஸ் அடித்து ஒட்டிவிட்டுப் போகமாட்டானா?

பொருநைவாசி:
அண்ணாச்சி, நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. தொப்பி பொருந்துகிறது என்று நீங்களே எடுத்து மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்ய? பதிவான மொத்த வாக்கில் ஆறில் ஒரு பங்குகூட வாங்க முடியாதவரை மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

கரிசல்மண்:
மொத்த வாக்கு இல்லை தம்பி, செல்லத்தக்க வாக்கு. யாருக்கும் வாக்கில்லை என்று அழுத்தும் நோட்டா அதில் சேராது. ஆறில் ஒரு பங்கைத் தொட்டாலும் போதாது, தாண்டினால்தான் டெபாசிட் திரும்ப வரும். இதுகூடத் தெரியாமல் டெபாசிட்டை உயர்த்தச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

பொருநைவாசி:
நோட்டாவும் வாக்குதான். இயந்திரத்தில் பட்டன் இருக்கிறது, எண்ணுகிறார்கள், முடிவில் அறிவிக்கிறார்கள். எண்ணியதைக் கணக்கில் சேர்க்கமாட்டார்களாம்! எந்த ஊர் நியாயம் இது?

மலர்விழி டீச்சர்:
நான் தேர்தல் பணிக்குப் போகிறவள். நீங்கள் இருவரும் வசதியாக உட்கார்ந்து வாதம் செய்கிறீர்கள். 2021 இல் கரூரில் 77 வேட்பாளர்கள். வாக்கு இயந்திரத்தில் பட்டன்கள் இருக்கும் பகுதியான பேலட் யூனிட் ஒன்றில் 16 பெயர்தான் வரும். நோட்டாவோடு சேர்த்து ஐந்து யூனிட் வேண்டும். வரிசையாக அடுக்கி, வயர் மாட்டி, சரிபார்த்து, பார்வை மங்கிய பாட்டிக்கு அவர் தேடும் சின்னம் எங்கே இருக்கிறது என்று காட்டவும் முடியாமல் நிற்பது நாங்கள். எங்களைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

பொருநைவாசி:
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. 1996 மொடக்குறிச்சி மறந்துவிட்டதா? 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடித்தார்கள். 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. தன் வாக்கைக்கூடத் தனக்குப் போடாதவர்கள் வேட்பாளர்களாம்.

கரிசல்மண்:
மொடக்குறிச்சியைக் கேலி செய்யாதீர்கள். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்பதைக் காட்டத்தான் அத்தனை பேரும் மனு போட்டார்கள். ஜெயிக்க நிற்கவில்லை, கேட்க வைக்க நின்றார்கள். அதற்குக் கிடைத்த பதில் என்ன? அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்து முன்மொழிவோர் என்பதும் அப்போது வந்ததுதான். கோரிக்கையை விட்டுவிட்டு வாசலைச் சுருக்கினார்கள். நீங்கள் இப்போது வாசலையே பூட்டச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. மாநிலத்தில் எந்தத் தொகுதி வாக்காளரும் எந்தத் தொகுதியிலும் நிற்கலாம். அந்த 88 பேரில் எத்தனை பேருக்கு மொடக்குறிச்சியில் வாக்கு இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நோட்டா சேராது என்பது தெரியாத மாதிரியே இதுவும்.

பொருநைவாசி:
நோட்டாவை நான் விட்டாலும் நீங்கள் விடமாட்டீர்கள் போல. சரி, நீங்கள் வாங்கிய வாக்குக்கு நோட்டாவைக் கழித்தாலும் கூட்டினாலும் என்ன வித்தியாசம்?

கரிசல்மண்:
என் வாக்கை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஒரு தொகுதியில் 1,80,000 வாக்கு பதிவாகிறது, அதில் நோட்டா 3,000 என்று வையுங்கள். உங்கள் கணக்கில் 30,000 ஐத் தாண்ட வேண்டும். சட்டத்தின் கணக்கில் 29,500 ஐத் தாண்டினால் போதும். 29,700 வாங்கியவருக்கு டெபாசிட் திரும்ப வரும். நீங்கள் அதிகாரியாக இருந்தால் அவர் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வீர்கள்.

டெபாசிட் போவது சுயேச்சைக்கு மட்டும் வரும் நோயும் இல்லை. 2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் திமுக 24,651 வாக்கு வாங்கி டெபாசிட் இழந்தது. திமுகவும் விளம்பரப் பைத்தியமா? அங்கே ஜெயித்தது சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன்.

வடசென்னைவாசி:
நம்ம ஏரியாவை இழுத்ததால் சொல்கிறேன். தினகரனைச் சுயேச்சை என்று எந்த நெஞ்சோடு எழுதுகிறீர்கள்? காகிதத்தில் சுயேச்சை, குக்கர் சின்னம். பின்னால் நின்றது ஒரு கட்சியின் பாதிப் படை. உங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அதே ஆண்டு ஏப்ரலில் அங்கே நடக்க இருந்த தேர்தலையே பணப் பட்டுவாடா என்று ரத்து செய்தார்கள். அதையும் எழுதுங்கள்.

கரிசல்மண்:
எழுதுகிறேனே. பணம் கொடுத்ததற்காக 2016 இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலை நிறுத்தினார்கள். சுயேச்சைகளா மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள்? டெபாசிட்டை ஒரு லட்சம் ஆக்கினால் கொடுப்பவனுக்கு அது ஒரு தெருவுக்கான காசு. எனக்கு அது ஒரு வருஷ வெள்ளாமை.

ஆர்.கே.நகர் என்றதும் இன்னொன்று. அதே தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது. முன்மொழிந்தவர்களில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்து இல்லை என்றார்கள். நாடறிந்தவருக்கே அந்தக் கதி. ஊர்பேர் தெரியாதவன் பத்துப் பேரைக் கடைசிவரை கூடவே வைத்திருப்பது எப்படி என்று யோசியுங்கள்.

பொருநைவாசி:
விஷாலுக்கு நடந்ததை உங்கள் கணக்கில் வரவு வைக்காதீர்கள். நோட்டாவும் வாக்கு என்ற என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரிசல்மண்:
மூன்று முறை சொல்லிவிட்டேன். 2013 இல் உச்ச நீதிமன்றம் சொல்லி நோட்டா வந்தது. தமிழ்நாட்டில் அந்த டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலிலேயே இருந்தது. டெபாசிட் கணக்குக்கு நோட்டா சேராது என்று தேர்தல் ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மலர்விழி டீச்சர்:
செல்லும் வாக்கு, செல்லாத வாக்கு என்று இவ்வளவு பேசுகிறீர்கள். 2016 ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசம். தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லாது என்று 203 தபால் வாக்குகளை ஒதுக்கினார்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தேர்தல் வேலை பார்த்தவர்களின் வாக்கு அது. அதற்கு இங்கே யாருக்கும் கோபம் வரவில்லை.

வடசென்னைவாசி:
டீச்சர், அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே அண்ணாச்சியின் சுயசரிதை ஓடிக்கொண்டிருக்கிறது.

கரிசல்மண்:
சுயசரிதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சித் தேர்தல் இழையில் "சாமானியன் அரசியலுக்கு வர வேண்டும்" என்று பக்கம் பக்கமாக எழுதியது இதே பொருநைவாசிதான். சாமானியன் வந்து நின்றால் பைத்தியம் என்கிறார்.

பொருநைவாசி:
அந்த இழையில் நான் சொன்னது வார்டு உறுப்பினரைப் பற்றி. வார்டில் வேலை செய்து காட்டிவிட்டுச் சட்டமன்றத்துக்கு வாருங்கள் என்றேன். பாதியை வெட்டிப் போடுவது உங்கள் பழைய பழக்கம். ஆணையத்தின் அந்தச் சுற்றறிக்கையை இங்கே போடுங்கள், பார்க்கிறேன். அதுவரை நோட்டாவும் வாக்குதான்.

கரிசல்மண்:
போடுகிறேன். போட்டால் ஒரு லட்சம் என்று எழுதியதை நீக்குவீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

பொருநைவாசி:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி? நீக்கமாட்டேன்.