ஸ்கூல் கேம்ப், ட்ரெக்னு போனப்ப உங்கள வளத்துவிட்ட டீச்சர் யாராவது உண்டா?

கடைசிபெஞ்ச்:
பிக்னிக்க சொல்லல, பஸ்ல பாட்டு போட்டு ஆடிட்டு குரூப் போட்டோ எடுத்துட்டு வர்றது வேற. பைய முதுகுல மாட்டி நடந்து, டென்ட் போட்டு, மழைல நனைஞ்சு வர்ற மாதிரி ட்ரிப். நல்ல அனுபவமாத்தான் இருக்கணும்னு இல்ல, கடுப்பானதையும் எழுதுங்க.

நானே ஆரம்பிக்கிறேன். எங்க ஜியாகிரஃபி சார். போர்டுல கான்டூர் கோடு, அதான் மேப்புல ஒரே உயரத்துல இருக்கிற இடங்கள சேக்குற கோடு, போட்டப்ப எனக்கு அது வெறும் கிறுக்கல்தான். ட்ரெக்ல எங்க டீம் கைல மேப்பையும் காம்பஸையும் குடுத்துட்டு "நீங்க முன்னாடி போங்கடா, நான் பின்னாடியே வர்றேன்"னு சொல்லிட்டாரு. பாதை ரெண்டா பிரியுற இடத்துல மேப் வச்சிருந்தவன் தப்பான பக்கம் திருப்பிட்டான், சார் பாத்துட்டாரு, ஆனா வாயே திறக்கல. கொஞ்ச தூரம் போனா பாதை இறங்கிட்டே போகுது, மேப்புல பாத்தா ஏறணும், கோடெல்லாம் நெருக்கமா வேற இருக்கு. கோடு நெருங்குனா செங்குத்துன்னு எத்தனை தடவ மனப்பாடம் பண்ணிருப்போம், அன்னைக்குத்தான் மண்டைல ஏறுச்சு.

திரும்பி வந்ததும் அவர் திட்டுவாருன்னு பாத்தா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "யாருக்கு முதல்ல சந்தேகம் வந்துச்சு?". சந்தேகம் வந்தது எங்கள்ல அதிகம் பேசாத ஒரு பையனுக்கு. அவன் சொன்னா யாரும் காதுலயே வாங்க மாட்டோம்னு அவனுக்கே தெரியும், அதான் சொல்லல. மறுநாள் மேப் அவன் கைல. சார் அதுக்குன்னு லெக்சரெல்லாம் எடுக்கல, சும்மா எடுத்து நீட்டுனாரு அவ்வளவுதான்.

இன்னொண்ணு, நெய்ஸ்மித் ரூல் சொல்லிக் குடுத்தாரு. மலைல நடக்க எவ்வளவு நேரமாகும்னு 1892ல ஒரு ஸ்காட்லாந்து மலையேறி போட்ட கணக்கு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுல ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலா ஒரு மணி நேரம். நாங்க அத வச்சு பெருமையா டைம்டேபிள் போட்டு நீட்டுனோம், பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே சரின்னாரு. பெரிய பையோட, அடிக்கடி நின்னு ஷூ லேஸ் கட்டுற பசங்களுக்கு அந்தக் கணக்கு பத்தவே பத்தாதுன்னு சாயந்திரம் நாங்களே தெரிஞ்சுக்கிட்டோம்.

மழைக்கோட்டு:
எங்க சயின்ஸ் மிஸ் பத்தி சொல்லணும். கொஞ்சம் கூச்சமான விஷயம்தான், ஆனா யாரும் எழுத மாட்டீங்க அதான் எழுதுறேன்.

கேர்ள்ஸ் பாதி பேர் அன்னைக்கு தண்ணியே குடிக்கல. ஏன்னு கேர்ள்ஸுக்கு தெரியும், வெளிய ஒதுங்கணுமே. மதியம் நிழல்ல உக்காந்தப்ப ஒருத்திக்கு தலைவலி, இன்னொருத்தி மூஞ்சி சிவந்து போச்சு. மிஸ் யாரையும் ஒண்ணும் கேக்கல, ஒவ்வொரு பாட்டிலா தூக்கிப் பாத்தாங்க. எல்லாம் ஃபுல்லா இருக்கு. உடனே பாய்ஸையும் சேத்து எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, கைல ஒரு சின்ன மண்வெட்டிய எடுத்துக்கிட்டு, பாடம் நடத்துற அதே குரல்ல ஆரம்பிச்சாங்க. தண்ணி, பாதை, டென்ட் மூணுலயும் இருந்து 60 மீட்டராச்சும் தள்ளிப் போகணும், 15லருந்து 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு குழி தோண்டணும், ஏன்னா மேல்மண்ணுலதான் மக்க வைக்கிற கிருமிங்க அதிகம், முடிஞ்சதும் அதே மண்ணப் போட்டு மூடணும். நாப்கின் மட்டும் புதைக்கவே கூடாது, அது மக்காது, மிருகம் வேற தோண்டி எடுக்கும், கவர்ல போட்டு கட்டி நம்மளே திரும்ப எடுத்துட்டு வரணும். பாய்ஸ் ரெண்டு பேர் இளிச்சானுங்க, "என்ன சிரிப்பு, நீ எங்க போவ?"ன்னு கேட்டாங்க, அதோட அடங்கிட்டானுங்க.

யார் போனாலும் கூட ஒருத்தி துணைக்குப் போய் தள்ளி நிக்கணும், எங்க போறோம்னு சொல்லிட்டுப் போகணும்னு ரூல். அதுக்கப்புறம் எல்லாரும் தண்ணி குடிச்சோம். அந்த ட்ரிப்லதான் ஒருத்திக்கு முதல் தடவையா பீரியட்ஸ் வந்துச்சு, மிஸ் பைல எல்லாமே ரெடியா இருந்துச்சு, டென்ட்ல இருந்த எங்கள தவிர வேற யாருக்கும் விஷயமே தெரியாது. தைரியம் வளரும், லீடர்ஷிப் வளரும்னு என்னென்னமோ சொல்றாங்க, எனக்கு வளந்தது இதுதான், உடம்பு விஷயத்த கூசாம வாய்விட்டு கேக்குற பழக்கம்.

எட்டுமுடிச்சு:
நான் டீச்சர் பக்கத்துலருந்து. இந்த மாதிரி கேம்ப்புக்கு பசங்கள கூட்டிட்டுப் போறவன்.

ராக் கிளைம்பிங்ல பாதில ஒரு பொண்ணு நின்னுடும், கால் தையல் மெஷின் மாதிரி நடுங்கும், கீழருந்து மொத்த கிளாஸும் "உன்னால முடியும் முடியும்"னு கத்தும். எனக்கு பிடிக்காத சத்தம் அது. அந்த நேரத்துல அதுக்கு காது அடைச்சிருக்கும். கத்துறவங்கள நிறுத்திட்டு "ரோப் டைட்டா இருக்கு, இடது காலுக்கு பக்கத்துல ஒரு பிடிப்பு இருக்கு பாரு"ன்னு சொன்னா போதும், பாதி பேர் ஏறிடுவாங்க. மீதி பேர் இறங்கணும்பாங்க, இறக்கி விட்ரணும். எவ்வளவு தூரம் போறதுன்னு பசங்களே முடிவு பண்ணட்டும்ங்கறதுக்கு இந்த மாதிரி அட்வென்ச்சர் பயிற்சி நடத்துன அமெரிக்கர் கார்ல் ரோன்கி "சேலஞ்ச் பை சாய்ஸ்"னு பேர் வச்சாரு. ஆனா சில டீச்சருங்க அத 'இஷ்டம் இல்லன்னா ஓரமா உக்காரு'ன்னு ஆக்கிட்டாங்க, அது தப்பு. ஏறலன்னா ரோப் பிடிக்கிற வேல இருக்கு, அடுத்தவன் இடுப்புல மாட்டுற ஹார்னெஸ் பெல்ட்டோட பக்கிளையும், அதுல ரோப்ப கட்டுற எட்டு முடிச்சையும் செக் பண்ற வேல இருக்கு. ஏறவே மாட்டேன்னு அழுத பையன் கைல அந்த செக்கிங்க குடுத்துப் பாருங்க, எவனையும் சும்மா விடமாட்டான், என்னோட முடிச்சையே அவிழ்த்து திரும்ப போட வச்சவன் இருக்கான்.

சிலர் இத ராணுவ டிரில் மாதிரி நடத்துறாங்க, கேட்டா பசங்கள மலை, கடல்னு கூட்டிட்டுப் போய் பயிற்சி குடுக்குற அவுட்வர்ட் பவுண்ட் அமைப்பே போர் நேரத்துல வந்ததுதானேன்னு வாதம் வேற. வந்தது போர்லதான், 1941ல வேல்ஸ்ல அபர்டவில, சின்ன வயசு கப்பல்காரங்கள கடல்ல தாக்குப்பிடிக்க வைக்கணும்னு. ஆனா அத ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமான குர்ட் ஹான் ஒரு ஸ்கூல் வாத்தியார், ஹிட்லர எதிர்த்ததால ஜெயிலுக்குப் போய் நாட்ட விட்டே வந்தவரு. அவர காட்டி பசங்கள மிரட்டுறது நல்லா இல்ல.

ஒரு புலம்பலும் இருக்கு. மெடிக்கல் ஃபார்ம், பேரன்ட்ஸ் கையெழுத்து, ராத்திரி யாராவது வாந்தி எடுத்தா முழிச்சிருக்கிறது, இதெல்லாம் எங்க டைம்டேபிள்ல எந்த பீரியட்லயும் வராது.

குதிகால்கொப்புளம்:
எனக்கு கடுப்புதான். ஸ்கூல் பேர் வேணாம். நான் குண்டா இருப்பேன், மெதுவாத்தான் நடப்பேன். முன்னாடி போனவங்க உக்காந்து ரெஸ்ட் எடுப்பாங்க, நான் மூச்சு வாங்கிட்டு போய் சேர்றப்ப சரியா எழுந்து கிளம்பிடுவாங்க. அதிகமா ரெஸ்ட் தேவைப்பட்டவனுக்கு ரெஸ்டே கிடையாது. டீச்சர் ரெண்டு பேர் வந்தாங்க, ரெண்டு பேருமே முன்னாடிதான் நடந்தாங்க. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா மலைப்பக்கமே போகல.

எட்டுமுடிச்சு:
@குதிகால்கொப்புளம் படிக்கவே கஷ்டமா இருக்குங்க. மெதுவா நடக்குறவங்கள முன்னாடி விட்டு அவங்க வேகத்துக்கு எல்லாரும் நடக்கணும், கடைசில கட்டாயம் ஒரு பெரியவங்க வரணும். கடைசி ஆள் வந்து சேந்தப்புறம்தான் ரெஸ்ட் நேரமே ஆரம்பிக்கணும்.

அம்மாபை:
என் பொண்ணு அடுத்த மாசம் முதல் தடவையா போறா, ஆஸ்துமா இருக்கு. டீச்சர் "அனுப்புங்க, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்றாங்க. நம்பி விடலாமா?

எட்டுமுடிச்சு:
அந்த டீச்சர்கிட்ட இன்ஹேலர் எங்க இருக்கும்னு கேளுங்க. "ஆபீஸ் பைல பத்திரமா வச்சிருப்போம்"னா யோசிங்க. ஒண்ணு பொண்ணு கைக்கு எட்டுற மாதிரி அவ பைலயே இருக்கணும், இன்னொண்ணு கூட நடக்குற டீச்சர்கிட்ட. அப்புறம் பக்கத்துல ஆஸ்பத்திரி எது, அங்க போக எவ்வளவு நேரமாகும்னும் கேளுங்க. டக்குனு பதில் வந்தா அனுப்புங்க.