கொட்டிவாக்கத்தில் கடலோர ஃபிளாட், சிபில் ஸ்கோர் 679: இப்போதே முன்பணம் கொடுக்கலாமா?

தரங்கம்பாடி மகள் (கேள்வி)

வணக்கம். நானும் கணவரும் கொளத்தூரில் பன்னிரண்டு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா போன பிறகு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். அவருக்கு 68 வயது. தரங்கம்பாடியில் அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். "காத்தே வரலியேடி" என்று அவர் சொல்லும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

போன மாதம் கொட்டிவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு, இரண்டாவது மாடி, 860 சதுர அடி, யுடிஎஸ் (மனையில் நம் பங்கு நிலம்) 410 சதுர அடி. கட்டியது 2004இல். விலை 74 லட்சம். பால்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். அம்மா அங்கேயே கால்மணி நேரம் நின்றுகொண்டிருந்தார்.

கைக்கு வரும் சம்பளம் எனக்கு 68,000, கணவருக்கு 54,000. வண்டி இஎம்ஐ 4,200. சேமிப்பு 24 லட்சம். அதில் 9 லட்சம் அம்மா ஊரில் மனையை விற்றுக் கொடுத்தது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கு வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் கணவருக்கு 742, எனக்கு 679. அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 2017இல் ஒரு கிரெடிட் கார்டில் 46,000 பாக்கி இருந்தது. அப்போது அப்பா ஆஸ்பத்திரியில். வசூலுக்கு வந்தவர் 28,000 கட்டினால் முடித்துவிடலாம் என்றார், கட்டினேன். அது இன்றும் 'செட்டில்டு' என்றே இருக்கிறது. அத்தை மகனின் ஆட்டோ கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தேன், 2023இல் அவன் மூன்று தவணை தாமதம். அதுவும் என் பெயரில் தெரிகிறது. இப்போதுள்ள கார்டில் வரம்பு 60,000. வீட்டுச் செலவு முழுக்க அதில்தான், மாதம் 50,000 வரை போகும். ஆனால் ஒரு மாதம்கூடக் கெடு தவறியதில்லை. போன மாதம் ஒரு கடன் ஏஜென்டிடம் ஆதார், பான் கொடுத்தேன். அவர் ஒரே வாரத்தில் நான்கு இடங்களில் விண்ணப்பித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குள் 3 லட்சம் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்கிறார் புரோக்கர். கொடுத்துவிட்டுக் கடனுக்கு அலையலாமா? இல்லை, ஸ்கோரைச் சரிசெய்துவிட்டு வேறு வீடு பார்ப்பதா?

---

பழைய கடன் அதிகாரி

சகோதரி, வெள்ளிக்கிழமை பணம் கொடுக்காதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியில் 31 வருடம் வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது வருடம் வீட்டுக்கடன் பிரிவில். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, கடன் கிடைக்காமல் என் மேஜைக்கு முன்னால் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த செட்டில்டு. நீங்கள் பணம் கட்டி முடித்ததாக நினைக்கிறீர்கள். வங்கியின் கணக்கில் அது, வரவேண்டியதில் 18,000 வராமல் போன கடன். அடுத்துக் கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். அந்தக் கார்டு கொடுத்த வங்கிக்கு எழுதி, மீதித் தொகை எவ்வளவு என்று கடிதமாகவே கேளுங்கள். வட்டியும் சேர்த்துக் கேட்கலாம், பேசிப் பாருங்கள். வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், வசூல் ஆளிடம் வேண்டாம். கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, 'க்ளோஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள். 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அப்படியும் மாறாவிட்டால் சிபில் தளத்தில் புகார் போடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும்.

சிபிலோடு நிற்காதீர்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் உண்டு. நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஏஜென்ட் நான்கு இடத்தில் விண்ணப்பித்தாரே, அதுதான் குறைக்கும். இனி யாரிடமும் பான் கொடுக்காதீர்கள்.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. கெடுவுக்குள் கட்டுகிறீர்கள், நல்லது. ஆனால் ஸ்டேட்மென்ட் தேதியில் நிற்கிற பாக்கிதான் பொதுவாக சிபிலுக்குப் போகிறது. 60,000 வரம்பில் 50,000 நின்றால், கடனை நம்பிக் குடும்பம் ஓடுகிறது என்று அர்த்தமாகிவிடும். ஸ்டேட்மென்ட் வருவதற்கு மூன்று நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிற்கட்டும். கார்டை மூடிவிடாதீர்கள், பழைய கணக்கு உங்களுக்குப் பலம்.

அத்தை மகன் விஷயத்தில் உடனே செய்ய அதிகம் இல்லை. தவணை விவரம் 36 மாதம் வரை அறிக்கையில் நிற்கும். இனித் தவறாமல் அவர் கட்டுகிறாரா என்று மாதா மாதம் பாருங்கள். முடிந்தால் அந்தக் கடனை முடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். 74 லட்சத்துக்கு 59.2 லட்சம். மீதி 14.8 லட்சம் உங்கள் கைப்பணம். பத்திரப்பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 6.66 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் வைத்தால் சுமார் 22.2 லட்சம் போய்விடும். இவ்வளவும் வங்கி மதிப்பீட்டாளர் 74 லட்சம் என்று ஒப்புக்கொண்டால்தான். பழைய கட்டடம், அவர் 68 என்று எழுதினால் கடன் 54.4 லட்சம். உடனே 4.8 லட்சம் துண்டு விழும். எங்கே போவீர்கள்?

பல வங்கிகள் ஸ்கோரைப் பார்த்துத்தான் வட்டியை வைக்கின்றன. 59 லட்சம், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 51,200. அதே கடன் 9 சதவீதம் என்றால் 53,080. இருபது வருடத்தில் நாலரை லட்சம் வித்தியாசம். ஆறு மாதம் பொறுத்து ஸ்கோரை 750க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், அந்தப் பணம் உங்கள் அம்மாவின் மருந்துக்கு ஆகும்.

---

பாலவாக்கம் கடற்கரைத் தெரு

தங்கச்சி, நான் பதின்மூன்று வருடமாகக் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். காற்றைப் பற்றி அம்மா நினைப்பது அத்தனையும் சரி. சித்திரை வெயிலிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிட்டால் எங்கள் கூடத்தில் ஃபேன் போடுவதில்லை. இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனசே வராது. அதனால்தான் உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2004 கட்டடம் என்றால் உப்பு உள்ளே போய் இருபது வருடம் ஆகிவிட்டது. காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். எங்கள் பால்கனியின் அடிப்பக்கம் ஒருநாள் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கீழே பிள்ளைகள் இல்லை. பார்க்க வந்த பொறியாளர் சொன்னார்: கடலோரச் சூழலுக்கு ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் தரவிதிப்படி கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் (கவர்) வேண்டும், கான்கிரீட் எம்30 தரமாவது வேண்டும். எங்கள் பால்கனியில் அளந்தபோது 15 மில்லிமீட்டர்கூட இல்லை. பழுதுபார்க்க ஒரு வீட்டுக்கு 1,40,000 ரூபாய் பங்கு வந்தது. அது எந்த வங்கிக் கடனிலும் வராத பணம்.

மறுபடி போகும்போது வீட்டுக்குள் டைல்ஸ், கிச்சன் கப்போர்டு பார்த்து மயங்காதீர்கள். பால்கனியின் அடி, சன்ஷேடின் அடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண், கார் நிறுத்தும் இடத்தின் உத்தரம், இவற்றைப் பாருங்கள். கம்பி போகிற வழியே நேர்கோடாக வெடிப்பும் செம்பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே துரு. ஒரு ரூபாய்க் காசால் தட்டுங்கள், பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு பிரிந்திருக்கிறது. புதிதாக பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

அசோசியேஷனின் கூட்டப் புத்தகத்தைக் கேட்டுப் படியுங்கள். எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதிலேயே கட்டடத்தின் உடம்பு தெரியும். லிஃப்ட் இருக்கிறதா? எங்களுடையதில் கன்ட்ரோல் பேனல் இரண்டு முறை துருப்பிடித்துவிட்டது. போர்வெல் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கோடையில் எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று காவலாளியிடம் கேளுங்கள், அவர் உள்ளதைச் சொல்வார். ஏசி வெளி யூனிட் எங்கள் வீட்டில் நான்கு வருடத்துக்கு மேல் தாங்கியதில்லை. ஜன்னல் மாற்றினால் யுபிவிசி, கம்பிக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் போடுங்கள், சாதா எவர்சில்வரிலும் புள்ளி விழும்.

வங்கி ஐயா சொன்ன ஆறு மாதத்தை இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். கிழக்குச் சுவர் எப்படி ஊறுகிறது என்று அடைமழையில் ஒருநாள் போய்ப் பாருங்கள். வீடு கைவிட்டுப் போனாலும் போகட்டும், இந்தப் பக்கம் விற்பனைக்கு வீடு வந்துகொண்டேதான் இருக்கும்.

---

திருவான்மியூர் தம்பி

அக்கா, 2019இல் இதே பக்கம் 2 லட்சம் முன்பணம் கொடுத்து மாட்டினவன் நான். ஒப்புதல் வரைபடத்தில் மாடிக்கு மூன்று வீடு, கட்டியிருந்தது நான்கு. நான் வாங்க இருந்தது அந்த நான்காவது. வங்கி கைவிரித்துவிட்டது. பணம் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது.

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் கொடுத்த வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) விதி உண்டு. அது 1991இலேயே வந்தது, அதனால் 2004 கட்டடத்துக்கும் பொருந்தும். அனுமதிக் கடிதத்தை வக்கீலிடம் காட்டுங்கள். யுடிஎஸ் 410 என்று சந்தோஷப்படுகிறோம், நாளைக்கு இடித்துக் கட்டும்போதும் இதே விதிதான் குறுக்கே நிற்கும். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கம் எல்லாம் வக்கீலே கேட்பார். என்றைக்கு முன்பணம் கொடுத்தாலும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் வரி பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

---

தரங்கம்பாடி மகள்

மூன்று பேருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பணம் கொடுக்கவில்லை. புரோக்கர் இரண்டு நாள் பேசவில்லை, திங்கட்கிழமை அவரே கூப்பிட்டு "ஒரு லட்சமாவது கொடுங்க மேடம்" என்றார். வேறு ஆள் யாரும் வாங்கவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டப் புத்தகத்தைச் செயலாளர் காட்டினார். போன வருடம் லிஃப்ட் 40 நாள் ஓடவில்லை, காரணம் பேனலில் துரு. சமையலறை சன்ஷேடின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பியே வெளியே தெரிகிறது. முதல் தடவை போனபோது நான் அந்தப் பக்கம் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. போர்வெல் தண்ணீரை அம்மா ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இதுல பருப்பு வேகாது" என்றார்.

கார்டு வங்கியிடம் கடிதம் வாங்கிவிட்டேன். 18,000 மட்டும் கட்டினால் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். நேற்றுக் கட்டிவிட்டேன், சான்று பத்து நாளில் வருமாம். அத்தை மகனுக்கு ஆட்டோ கடனில் இன்னும் கட்ட வேண்டியது ஐந்து தவணை, தீபாவளிக்குள் முடிக்கிறேன் என்றிருக்கிறான்.

பாலவாக்கம் அக்கா, ஒரு கேள்வி. அதே தெருவில் 2012இல் கட்டிய கட்டடத்தில் தரைத்தளம் ஒன்று வருகிறதாம். கடல் தெரியாது, காற்று மட்டும் வரும். காற்று போதும் என்கிறார் அம்மா. தரைத்தளத்தில் ஓதம் ஏறுமா? எந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்?