புதுப்பிப்பு: டிரம்மில் வறுத்த காபிக்கொட்டை வெளியே கருகி உள்ளே வேகாதது, தீர்வு

யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. கேஸ் அடுப்பில், கையால் சுற்றும் டிரம்மில் பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் காபிக்கொட்டை) வறுத்தால் மேலே கரும்புள்ளி, கடித்தால் உள்ளே பச்சைப்புல் வாசனை என்று கேட்டிருந்தேன். வேலை செய்தது "அளவைக் குறை, தீயைக் குறை" என்ற பதில்தான். தெர்மோமீட்டர் தேவைப்படவில்லை, காதே போதும்.

400 கிராமுக்குப் பதில் 250. காலி டிரம்மைச் சூடாக்கி, கொட்டை போட்டதும் தீ சிம்முக்குச் சற்று மேல். 5 நிமிடத்தில் மஞ்சள் நிறம். பிறகு தீயைக் கொஞ்சம் கூட்டினால் 10 நிமிட வாக்கில் கொட்டை வெடிக்கும் முதல் சத்தம் கேட்கும், சோளம் பொரிகிற மாதிரி. உடனே தீயைத் தணித்து, 2 நிமிடத்தில் இறக்கிவிடலாம். நிறுத்தால் சுமார் 210 கிராம்.

எதிர்பாராதது: அடுப்பை அணைத்த பிறகும் டிரம்முக்குள் நிறம் ஏறிக்கொண்டே போகிறது. உடனே இரும்புச் சல்லடையில் கொட்டி டேபிள் ஃபேன் முன் புடைக்க வேண்டும். மொட்டைமாடியில் செய்யுங்கள், தோல் வீடெல்லாம் பறக்கும்.