பதினொரு பேரும் என்னையே பார்க்கிறார்கள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் பக்கம்:

போன வருட ஆண்டு விழாப் படங்களை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். குல்லா வியாபாரியும் குரங்குகளும் நாடகம். மேடையில் பதினொரு பேர். ஒரு படத்தில்கூட வியாபாரி குரங்கைப் பார்க்கவில்லை, குரங்கு வியாபாரியைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மேடைக்கு இடதுபுறம், கீழே, ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் நான் உட்கார்ந்து அத்தனை பேர் வசனத்துக்கும் வாயசைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் தினமும் கடைசிப் பீரியட் ஒத்திகைதான். யாராவது தடுமாறினால் "முதல்ல இருந்து வாங்க" என்பேன். அப்படியே முதல் காட்சியை நாற்பது தடவை பார்த்திருப்போம். கடைசிக் காட்சி நான்கு தடவை தேறாது. வியாபாரி தன் குல்லாவைக் கீழே எறிய வேண்டும், கதையே அதுதான். அந்த இடம் வந்ததும் பையன் என்னைப் பார்த்தான். நான் "எறி, எறி" என்று கையைக் காட்டினேன். அவன் எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். குரங்குகள் குல்லாவோடு நின்றன. நன்றியுரை சொல்ல வந்த சார் அவர்களையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

2024-25இல் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகள் 1ஆம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டன. இனி எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளும் பிள்ளைகளை ஏதாவது ஒரு மேடைக்குத் தயார் செய்துகொண்டேதான் இருக்க வேண்டும். நான் கேட்பது நடிப்பு சொல்லிக்கொடுப்பதைப் பற்றி இல்லை. ஒத்திகையில் எப்படி இருப்பது என்பதை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பழக்குகிறீர்கள்? பட்டவர்கள் சொல்லுங்கள்.

செய்யாறு பக்கத்து ஆசிரியர்:

டீச்சர், அந்த வணக்கத்தை நினைத்து ரொம்ப நேரம் சிரித்தேன், மன்னிக்கவும்.

எங்கள் ஊர்ப் பக்கம் தெருக்கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது. என் மாமா கட்டியங்காரன் வேஷம் கட்டியவர், அதாவது வேஷக்காரர்களை அறிமுகப்படுத்தி நடுநடுவே கேலி பேசுகிறவர். சின்ன வயதில் நான் அவர் கோமாளித்தனத்தைத்தான் பார்த்தேன். அவர் மேடையில் எவ்வளவு வேலை செய்கிறார் என்பது வாத்தியார் ஆன பிறகுதான் தெரிந்தது. வேஷக்காரருக்கு வார்த்தை நின்றுபோனால் இவர் சும்மா விட மாட்டார். "என்ன மகாராஜா, யோசனை பலமா இருக்குது? அரண்மனையில சாப்பாடு ஆகலையா?" என்று ஏதாவது இழுத்துவிடுவார். ஜனம் சிரிக்கும். அதற்குள் ராஜாவுக்கு விட்ட இடம் ஞாபகம் வந்துவிடும். கூத்தில் பாட்டு மாறாது. நடுவில் வரும் பேச்சு ஆளுக்கு ஆள், ராத்திரிக்கு ராத்திரி மாறும். அதனால்தான் இது நடக்கிறது.

இதை அப்படியே 4ஆம் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். ஒத்திகையில் தினம் ஒரு பிள்ளை கட்டியங்காரன். யாராவது முழித்தால் அவன் கேள்வி கேட்கலாம், ஆனால் வசனத்தை எடுத்துக்கொடுக்கக் கூடாது. நானும் கொடுக்க மாட்டேன். முதல் வாரம் கொடுமை. "ஏன்டா மறந்துட்ட?" என்பதைத் தவிர யாருக்கும் கேள்வி வரவில்லை. அப்புறம் மெதுவாக வந்தது: "எங்கே போய்ட்டு வர்றீங்க?", "கையில என்ன மூட்டை?" இப்படிக் கேட்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவன் கதையில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தன் வசனம் முடிந்ததும் ஜன்னலைப் பார்க்கிற பழக்கம் இதில்தான் குறைந்தது.

இன்னொன்று திரை. கூத்தில் வேஷம் மேடைக்கு வரும்போது இரண்டு பேர் முன்னால் திரை பிடிப்பார்கள். நான் ஒரு பழைய வேட்டியைப் பிடிக்கச் சொன்னேன். வேட்டிக்குப் பின்னால் போனதும் பேச்சு நிற்க வேண்டும், வேட்டி விலகும்போது ஆள் மாறியிருக்க வேண்டும். "பேசாதே" என்று தொண்டை கிழியக் கத்திய நாட்களை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த வேலையை வேட்டி செய்துவிட்டது.

ஒரு அம்மா:

நான் ஆசிரியை இல்லை, உள்ளே வரலாமா? என் மகள் 3ஆம் வகுப்பில் மரமாக நடித்தாள். வசனம் ஒன்றே ஒன்று: "என்னை வெட்டாதீர்கள்." அதற்கு நான் ஒரு மாதிரி அழச் சொல்லிக்கொடுத்தேன், என் மாமியார் இன்னொரு மாதிரி, அவளுடைய அப்பா போனில் வீடியோ எடுத்துத் திருத்தினார். மேடையில் அவள் மூன்று மாதிரியும் வரிசையாகச் சொன்னாள். வெட்ட வந்தவன் கோடாலியை ஓங்கியபடி காத்திருந்தான். மிஸ் அடுத்த வருடம் வசனத் தாளை வீட்டுக்கு அனுப்பவே இல்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து:

நான் ஆரம்பப் பிரிவில் தரம் 4, 5 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். தாளை வீட்டுக்கு அனுப்பாத அந்த மிஸ் செய்தது சரி. நான் பிள்ளைகளின் கையிலேயே தாளைக் கொடுப்பதில்லை.

எங்கட ஊர்களில் கூத்துப் பழக்குவதற்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்துப் பாட்டையும் வசனத்தையும் கொடுப்பது சட்டங் கொடுத்தல். அண்ணாவியார் மத்தளத்தோடு இருந்து ஆட்டம் பழக்குவார். பழகுவது மாதக்கணக்காக இழுபடும். அரங்கேற்றத்துக்கு முன்னம் முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடிப் பார்ப்பார்கள், அதற்கு அடுக்குப் பார்த்தல் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் இருப்பதால் இன்றைக்கு என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லாவற்றுக்கும் 'ஒத்திகை' என்று ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

நான் மூன்றாகப் பிரித்தேன். முதலாவது, கதை நாள். வசனமே இல்லை, கதையை நாலைந்து பிள்ளைகள் மாறி மாறித் தங்கட வாயால் சொல்ல வேண்டும். பாத்திரமும் பிரிப்பதில்லை, இன்றைக்கு நரியாக வந்தவள் நாளைக்கு ஆமை. இரண்டாவது, துண்டு நாள். ஒரு துண்டை மட்டும் எடுத்து உடைத்து உடைத்துப் பார்ப்பது. நிற்பாட்டலாம், கேள்வி கேட்கலாம், சண்டையும் பிடிக்கலாம். கடைசித் துண்டில் இருந்துதான் தொடங்குவேன். (திண்டுக்கல் டீச்சரின் குல்லா கீழே விழாமல் போனதற்கு மருந்து இதுதான் என்று நினைக்கிறேன்.) மூன்றாவது, அடுக்கு நாள். அன்றைக்கு என்ன நடந்தாலும் நிற்பாட்டக் கூடாது. நான் பின்னுக்குப் போய்ப் பார்வையாளர் மாதிரிக் குந்தியிருப்பேன், வாய் திறக்க மாட்டேன். ஒரு அடுக்கு நாளில் மழை வந்து தகரக் கூரையில் கொட்டியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிள்ளைகள் வசனத்தை விட்டுவிட்டு முழுவதையும் கையாலும் காலாலும் செய்து முடித்தார்கள். அது அரங்கேற்றத்தைவிட நல்லாயிருந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நேரம் முக்கியம். இந்த வயதுக்கு ஒரு தடவையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் பிள்ளைகள் களைக்கிறார்கள், எங்களுக்குக் கோபம் வருகிறது.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

சத்தத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. "சத்தமா பேசு" என்றால் பிள்ளை கத்தும், கத்தினால் சொல் சிதையும். நான் இரண்டு பேரை வேப்ப மரத்தடியில் நிறுத்திவைப்பேன். வசனம் புரிந்தால் கையைத் தூக்க வேண்டும், வெறும் சத்தம் கேட்டால் தூக்கக் கூடாது. பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே திருத்திக்கொள்வார்கள். ஒலிபெருக்கி வைத்தால் எல்லோரும் அதனிடம் ஓடுவார்கள், அதனால் கடைசி வாரம் ஒரு கம்பை நட்டு அதுதான் மைக் என்று பழக்குங்கள். மேடை அளவைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பறையில் பழகிய பிள்ளை பெரிய மேடையில் ஒரு மூலையிலேயே நிற்கும்.

மீண்டும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். அதே குல்லா வியாபாரியைத்தான் எடுத்தோம், பிள்ளைகள் கேட்டார்கள். போன வருட வணக்கக்காரனே வியாபாரி. பாத்திரத்தை மாற்றலாமா என்று தயங்கினேன், அவன் விடவில்லை.

வேட்டி, வேப்ப மரம் (எங்களுக்குப் புளிய மரம்), கடைசியிலிருந்து தொடங்குவது, எல்லாம் செய்தோம். எனக்கு ரொம்பக் கடினமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். முதல் அடுக்கு நாளில் என் உதடு அசைவதை ஒரு குரங்கு பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க பேசக் கூடாது" என்றாள். மறுநாளிலிருந்து அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கட்டியங்காரன் வேலையை 5ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டு யாருக்கும் விட்டுத்தரவில்லை. தினம் ஒருவர் என்ற விதி எங்களிடம் எடுபடவில்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விழா அன்று நாடகம் பாதியில் இருக்கும்போது ஒலிபெருக்கி ஒயர் கழன்றது. நான் மேடைக்குப் பின்னால் ஓடி ரேடியோ செட்காரரோடு நின்றேன். முன்னால் பெரிய சிரிப்புச் சத்தம், பிறகு கைத்தட்டல். திரும்பி வருவதற்குள் நாடகம் முடிந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். குல்லாக்கள் மேடை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

என்ன நடந்தது என்று வியாபாரியைக் கேட்டேன். "ஒண்ணும் நடக்கலயே டீச்சர்" என்றான். பக்கத்தில் வாலைக் கழற்றிக்கொண்டிருந்த குரங்குதான் சொன்னது: "இவன் எறிய மறந்துட்டான் டீச்சர். அக்கா வந்து, 'ஏன் ஐயா, தலை அரிக்குதா?'ன்னு கேட்டாங்க."